மண்டபத்துப் பின்வாசலில் பேஸ் கிற்றார் களவு போய்விட்டது. நீங்கள் எல்லாம் சாமான்களை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

பேஸ்_வெள்ளவத்தை
ஞாயிறு, காலை 6.20

இரவு முழுக்க நித்திரை இல்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சனிக்கிழமை காலி வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கலியாண வரவேற்பு, எங்கள் கோஷ்டிதான் வாசித்தது. பத்தரைக்கு முடிந்தது. வானைப் பின்வாசலுக்கு எடுத்து ஏற்றத் தொடங்கினோம். நான் பேஸைப் பாக்கில் போட்டு சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, ஓர்கனின் ஒரு பக்கத்தைப் பிடிக்க உள்ளே போனேன். போய் வர நாலு நிமிடம் கூட ஆகியிருக்காது. வந்து பார்த்தால் சுவர் மட்டும்தான் நிற்கிறது.

முதலில் யாரோ வானுக்குள் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் இறக்கினோம், இல்லை. மண்டபத்துக் கமரா முன்பக்க வாகனத் தரிப்பிடத்தைத்தான் பார்க்கிறது, பின்வாசலுக்குக் கமராவே கிடையாது. சமையல் பக்கம் நின்ற ஒருவர் மட்டும், கறுப்பு டீசேர்ட் போட்ட ஆள் ஒருவர் தோளில் பாக்கோடு ஆறுதலாக நடந்து போனதைக் கண்டதாகச் சொன்னார். அவர் எங்கள் ஆள் என்று நினைத்திருக்கிறார். எங்களில் நாலு பேர் கறுப்பு டீசேர்ட்தான் போட்டிருந்தோம்.

அது யமஹா பிபி பேஸ், மாமா கப்பலில் வேலை செய்த காலத்தில் யப்பானில் பழையதாக வாங்கி வந்தது. தலைப்பகுதியில், நாலாவது கம்பி சுற்றும் இடத்துக்குக் கிட்ட, ஒரு சிகரெட் சுட்ட அடையாளம் இருக்கிறது. மாமா வாசிக்கும்போது சிகரெட்டைக் கம்பி நுனியில் செருகி வைப்பாராம். கீழே ஸ்ட்ராப் மாட்டுகிற திருகாணி ஒருமுறை கழன்று துளை பெரிதாகிவிட்டது. ஒரு தீக்குச்சியை உடைத்துப் பசை போட்டு அதற்குள் இறுக்கியிருக்கிறேன், உற்றுப் பார்த்தால் அந்தக் குச்சியின் வெள்ளை நுனி தெரியும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் பொலிஸில் சீரியல் நம்பர் கேட்டபோது என் வாயில் ஒன்றும் வரவில்லை. 11 வருடமாகக் கையில் வைத்திருந்த சாமானின் நம்பர் எனக்குத் தெரியாது. அதுதான் களவை விட அதிகம் சுடுகிறது.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எனக்குப் பிந்திவிட்டது, மற்றவர்களுக்காவது உதவட்டும்.


சவுண்ட்காரன்_கொட்டாஞ்சேனை
ஞாயிறு, காலை 7.05

தம்பி, வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. 22 வருடமாக சவுண்ட் செற் கொண்டு திரிகிறேன், எனக்குத் தெரிந்து களவு போனதில் முக்கால்வாசி நிகழ்ச்சி முடிந்து ஏற்றுகிற நேரத்தில்தான் போனது. மேடையில் இருக்கும்போது நூறு கண் பார்க்கும். முடிந்த பிறகு எல்லோருக்கும் களைப்பு, பசி, சாப்பாட்டுப் பார்சல் எங்கே என்ற யோசனை. அந்த 20 நிமிடம்தான் அவர்களுக்கு வேண்டியது.

நாங்கள் வைத்திருக்கிற வழக்கம் இது. வானடிக்கு ஒரு ஆள். அவர் ஒன்றும் தூக்கக் கூடாது, ஒன்றும் கட்டக் கூடாது, வான் கதவுக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை. ஆட்கள் காணாது, எல்லோரும் தூக்கினால் கெதியாக முடியும் என்று சொல்வார்கள். முடியும்தான், ஆனால் சாமான் குறையும். எங்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் மஞ்சள் ரேப்பில் இலக்கம் ஒட்டியிருக்கிறது, 1 முதல் 34 வரை. வானடியில் நிற்கிறவர் 34 சொல்லாமல் டிரைவர் திறப்பைப் போட மாட்டார்.

அப்புறம், தோளில் மாட்டக் கூடிய சாமானைத் தோளிலிருந்து இறக்கக் கூடாது. கிற்றார், வயலின், லாப்டாப் பாக், இதையெல்லாம் முதலில் கொண்டுபோய் வானுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பிறகு வந்து மற்றவனுக்கு உதவுங்கள். ஓர்கனை ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு நைசாக நடக்க முடியாது, பேஸை முடியும்.

மைக் விஷயம் ஒன்று. எஸ்எம் 58 மைக்குக்குச் சீரியல் நம்பரே கிடையாது, போலியும் ஊரெல்லாம் இருக்கிறது. அதனால் மேலே இருக்கிற வலையைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கிற வளையத்தில் ஊசியால் என் அடையாளத்தைக் கீறி வைத்திருக்கிறேன். வெளியே எழுதினால் சுரண்டிவிடுவார்கள், உள்ளே பார்க்க யாரும் மினக்கெடுவதில்லை. பல மைக் வயர்களை ஒன்றாகச் சேர்த்த நீளமான மல்டிகோர் வயரையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அதைப் பாட்டுக்காக எடுக்கிறவன் இல்லை, உருக்கிச் செம்பாக விற்கிறவன்தான் எடுக்கிறான்.


ட்ரம்ஸ்_தெஹிவளை
ஞாயிறு, காலை 8.31

தூக்க வந்த பெடியன்களை விசாரித்தீர்களா? நான் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலும் உள்ளே இருக்கிற ஒருவன்தான் வெளியில் தகவல் கொடுப்பான்.


சவுண்ட்காரன்_கொட்டாஞ்சேனை
ஞாயிறு, காலை 8.50

இந்தக் கதையை இங்கே விட வேண்டாம். 2000 ரூபாவுக்கு இரவு ஒரு மணி வரை ஸ்பீக்கர் தூக்குகிற பெடியனில்தான் எல்லோரும் முதலில் கை வைப்பார்கள். நானும் ஒருமுறை வைத்தேன். ஒரு வயர்லெஸ் மைக் காணவில்லை என்று என்னோடு மூன்று வருடம் வந்த பெடியனின் பாக்கைத் திறக்கச் சொன்னேன், எல்லோருக்கும் முன்னால். அவன் ஒன்றும் பேசாமல் திறந்து காட்டினான். உள்ளே ஒரு துவாயும், அம்மாவுக்கு எடுத்துவைத்த கலியாணச் சாப்பாட்டுப் பார்சலும் இருந்தன. மைக் அடுத்த நாள் மொனிட்டர் பெட்டியின் பஞ்சுக்குக் கீழே கிடந்தது. போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். சரி அண்ணா என்றான், பிறகு வரவேயில்லை. அன்றைக்குத்தான் இலக்கம் ஒட்டுகிற வேலையைத் தொடங்கினேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் யாரையும் சந்தேகப்பட வேண்டிய தேவை வராது.


வலந்தலை
ஞாயிறு, காலை 10.12

நான் மிருதங்கக்காரன், வயது 63. பேஸ் தம்பி சொன்ன தீக்குச்சி அடையாளம் இருக்கிறதே, அது சீரியல் நம்பரை விடப் பெரிது. எங்கள் வாத்தியங்களுக்கு நம்பர் என்ற ஒன்றே கிடையாது. மிருதங்கத்தில் தோல் மாறும், அதை இழுத்துக் கட்டும் வார் மாறும், தோலில் இடும் கறுப்புக் கரணை மாறும். பலாக்கட்டை ஒன்றுதான் மாறாது. ஆகவே மூட்டு, அதாவது தோல் பூட்டிய வாய்ப்பகுதி, மாற்றக் கொடுக்கும் நாளில், கட்டை வெறுமையாக இருக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். உட்புறத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் வருடத்தையும் சூடாக்கிய கம்பியால் சுட்டு வையுங்கள், ஆழமாக வேண்டாம், சும்மா கறுத்தால் போதும். கட்டையின் வெளிப்பக்கத்தையும் வெயில் வெளிச்சத்தில் சுற்றிவர எட்டுப் படம் எடுங்கள். மரத்தின் ரேகையும் முடிச்சும் ஒரு கட்டையில் இருப்பதுபோல் இன்னொன்றில் இராது. என்னுடையதில் தொப்பிப் பக்கம், அதாவது இடது பக்கம், ஒரு முடிச்சு இருக்கிறது, கண் மாதிரி. வார் இழுத்த பிறகு பாதிதான் தெரியும், ஆனால் எனக்கு விரலே சொல்லும்.

யாழ்ப்பாண பஸ் விஷயமும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் இரவு ஏறினால் வாத்தியத்தைக் கீழே சாமான் பெட்டிக்குள் போடச் சொல்வார்கள். இரவு வழியில் தேநீருக்கு நிற்கும்போது அந்தக் கதவு திறக்கும், ஒருவர் தன் சாமானை எடுப்பார், இருட்டில் யார் எதை எடுத்தார் என்று யார் பார்ப்பது? நான் இரண்டு ஆசனத்துக்குக் காசு கொடுத்து மிருதங்கத்தைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போகிறேன். காசு கூடத்தான். அரங்கேற்றத்துக்கு வாசிக்கப் போகிறவன் வெறுங்கையோடு இறங்க முடியுமா?


பேஸ்_வெள்ளவத்தை
ஞாயிறு, பின்னேரம் 4.40

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பதிவைக் கோஷ்டியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒரு நல்ல செய்தி. போன வருடம் பேஸை ஒரு இடத்தில் திருத்தக் கொடுத்தேன், அவர் கழுத்தைக் கழற்றும்போது படம் எடுத்திருக்கிறார். அதில் சீரியல் நம்பர் வடிவாகத் தெரிகிறது. இனி பொலிஸில் மேலதிகமாகப் பதிய முடியுமா? நேற்று இரவு அவர்கள் எழுதியது சிங்களத்தில், எனக்குக் கதைக்கத் தெரியும், வாசிக்க அவ்வளவு வராது. 'கிற்றார் ஒன்று, கறுப்புப் பாக்' என்றுதான் எழுதியிருக்கிறது என்று நினைக்கிறேன்.


சட்டம்_படிப்பவள்
ஞாயிறு, பின்னேரம் 5.25

முடியும். அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய், முதல் முறைப்பாட்டின் இலக்கத்தைச் சொல்லி, மேலதிக வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் எழுதி முடித்த பிறகு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் முறைப்பாடு கொடுப்பது உரிமை, 1987-இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது. நடைமுறையில் அந்த நேரத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் கடமையில் இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒரு வேலை செய்யுங்கள்: சாமானின் விவரத்தை ஒரே தாளில் அச்சடித்துப் படத்தோடு கொண்டு போங்கள், மூன்று மொழியிலும் இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் அந்தத் தாளைப் பார்த்தே எழுதுவார்கள், பிரதியை முறைப்பாட்டோடு சேர்க்கவும் சொல்லலாம். 'கிற்றார் ஒன்று' என்று மட்டும் பதிந்தால் நாளைக்கு அது ஒரு கடையில் கிடைத்தாலும் உங்களுடையது என்று நிரூபிப்பது கஷ்டம்.

இன்னொன்று, வாங்குகிற ஆட்களுக்கு. களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் வைத்திருப்பதும் நம் தண்டனைச் சட்டக் கோவையில் தனிக் குற்றம். தெரியாமல் வாங்கினால் குற்றம் இல்லாமல் போகலாம், ஆனால் பொருள் உங்களுக்குச் சொந்தம் ஆகிவிடாது என்பதுதான் பொது விதி. விற்றவனுக்கே உரிமை இல்லாதபோது உங்களுக்கு எங்கிருந்து வரும்? பழைய சாமான் வாங்கும்போது விற்கிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, சீரியல் நம்பர் போட்டு ஒரு துண்டில் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையாக விற்கிறவர் அதற்குக் கோபிக்க மாட்டார்.


ஐரி_ரத்மலானை
ஞாயிறு, இரவு 9.02

சாமான் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லை, ஏர்டேக், அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2021-இல் வந்ததிலிருந்து என் இரண்டு கிற்றாரிலும் போட்டிருக்கிறேன். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று விளங்கிக்கொண்டு போடுங்கள். அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகிற யாருடைய ஐபோனோ அதன் புளூடூத்தைப் பிடித்தால்தான் உங்களுக்கு இடம் வரும். பம்பலப்பிட்டியில் நிமிடத்துக்கு நிமிடம் புள்ளி நகரும், ஒரு கிராமத்து ஒழுங்கைக்குள் போனால் மணிக்கணக்கில் ஒன்றும் வராது. அன்ட்ரோயிட் காரர்களுக்கு 2024-இலிருந்து கூகுளுக்கும் அதேபோல் ஒரு வலையமைப்பு இருக்கிறது, அதற்கு ஏற்ற டேக் வேறு.

இரண்டாவது, ஆட்களைப் பின்தொடர இதைப் பாவிக்கக் கூடாது என்பதற்காக, எடுத்தவனிடம் ஐபோன் இருந்தால் 'தெரியாத டேக் ஒன்று உங்களோடு வருகிறது' என்று அதுவே அவனுக்கு அறிவித்தல் கொடுக்கும், இப்போது அன்ட்ரோயிட் போனும் சொல்லும். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். காணவில்லை என்றதும் முதலில் போனைத் திறந்து பாருங்கள், பிறகு அழுங்கள்.

எங்கே வைப்பது என்பது முக்கியம். பாக்கின் முன் பையில் வைத்தால் பாக்கை எறிந்துவிட்டுக் கிற்றாரை எடுத்துக்கொண்டு போவான். எலெக்ட்ரிக் கிற்றாரின் பின்மூடிக்குள் வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அங்கே இரைச்சலைத் தடுக்கச் செம்புத் தகடு ஒட்டியிருந்தால் அதே தகடு சிக்னலையும் தடுத்துவிடும். நான் ஒன்றைப் பாக்கின் அடித்துணியைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்தேன், இன்னொன்று அம்ப் பெட்டியின் மரச் சட்டத்தில், மேல் மூலையில். பற்றரி ஒரு வருடம் போகும், ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் மாற்றுவது என்று வைத்திருக்கிறேன்.


ட்ரம்ஸ்_தெஹிவளை
ஞாயிறு, இரவு 9.20

புள்ளி காட்டினால் என்ன, நேரே போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதானே.


சட்டம்_படிப்பவள்
ஞாயிறு, இரவு 9.33

தயவுசெய்து போகாதீர்கள் அண்ணா. கொழும்பில் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் தோட்டம் ஒன்றில் அந்தப் புள்ளிக்குள் இருபது வீடு இருக்கும். எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? திரையைப் படம் எடுத்து நேரத்தோடு பொலிஸிடம் கொடுங்கள், அவசரம் என்றால் 119.


பழைய_வயலின்
திங்கள், காலை 6.48

வெளிநாட்டுக் கதைகள் சில, ஆனால் நம் பின்வாசலுக்குப் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். ரோமன் ரோட்டன்பேர்க் என்ற வயலின் மேதையின் ஸ்ட்ராடிவேரியஸ், அதாவது மிக விலை உயர்ந்த பழைய இத்தாலிய வயலின், 1980-இல் அமெரிக்காவில் களவு போனது. கச்சேரி முடிந்து வாழ்த்த வந்தவர்களோடு அவர் கதைத்துக்கொண்டிருந்த நேரம் அது. தம்பிக்கு நடந்த அதே நேரம். 2015-இல்தான் வயலின் கிடைத்தது. அவர் 2012-இல், 101 வயதில் காலமாகிவிட்டார். மகள்மாரிடம்தான் கொடுத்தார்கள்.

வயலின் கலைஞர் மின் ஜின் கிம்மின் 1696ஆம் வருட ஸ்ட்ராடிவேரியஸ் 2010-இல் லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தில், சாப்பாட்டுக் கடையில் காலடியில் வைத்திருந்தபோது போனது. விலை பத்து இலட்சம் பவுணுக்கு மேல். எடுத்தவர்கள் அதை 100 பவுணுக்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள். நம் பேஸை எடுத்தவனுக்கும் அதன் பெறுமதி தெரிந்திருக்காது. 2022-இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போன பிறகு பழைய வாத்தியம் கூட என்ன விலை என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதனால் பெரிய இசைக்கருவிக் கடைகளில் மட்டும் தேடாமல் அடகுக் கடை, பழைய சாமான் கடை, பஞ்சிகாவத்தைப் பக்கம் எல்லாம் தாளைக் கொடுங்கள், அதுவும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள்.

வலந்தலை ஐயா மர ரேகை பற்றிச் சொன்னார். கனடாவின் ரொக் இசைக்கலைஞர் ராண்டி பாக்மனுடைய கிரெட்ச் கிற்றார் 1976-இல் ரொறன்ரோ ஹோட்டல் ஒன்றில் களவு போனது. 2020-இல் ஒரு ரசிகர் பழைய படத்தில் தெரிந்த மர ரேகையை இணையத்தில் கிடக்கும் படங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தேடி, ரோக்கியோவில் ஒரு இசைக்கலைஞரின் கையில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவர் அதைக் கடையில் நேர்மையாக வாங்கியவர். 2022-இல் அதே மாதிரி இன்னொரு கிற்றாரைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். 46 வருடம் கழித்து ஒரு மரத்தின் ரேகை சாட்சி சொல்லியிருக்கிறது.

செலோ கலைஞர் யோ யோ மாவின் கதையும் இருக்கிறது, 1999-இல் நியூயோர்க்கில் 1733ஆம் வருடச் செலோவை டாக்ஸியின் பின்பெட்டியில் மறந்துவிட்டு இறங்கிவிட்டார். பற்றுச்சீட்டை வைத்திருந்ததால் அன்றைக்கே வண்டியைக் கண்டுபிடித்தார்கள். கை காட்டி நிறுத்தும் ஓட்டோவில் வாத்தியத்தோடு ஏறுகிறவர்கள் இலக்கத்தகட்டைப் படம் எடுத்துவிட்டு ஏறுங்கள். பிக்மீ போல போனில் ஓட்டோ கூப்பிடும் அப்களில் பயண விவரம் தானாகவே இருக்கும்.


வீணை_ரீச்சர்
திங்கள், காலை 11.15

நான் வீட்டில் வகுப்பு நடத்துகிறேன், வெள்ளவத்தையில் தொடர்மாடி. மாணவர்களின் பெற்றோர், அவர்களின் டிரைவர், தண்ணீர்ப் போத்தல் கொண்டு வருகிறவர் என்று நாளைக்கு முப்பது பேர் கதவடிக்கு வருகிறார்கள். முன்னர் வீணைகளை முன்னறையில் வரிசையாக வைத்திருப்பேன், பார்க்க வடிவு. இப்போது பாடம் நடக்கும் வீணை மட்டும்தான் முன்னுக்கு வரும், மற்றவை உள்ளறையில். யாளி முகம் தனியாகக் கழன்று வரும் என்பதால் அதையும் தனியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்றைய பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். 'இன்று இரவு கண்டியில் நிகழ்ச்சி, எல்லோரும் புறப்பட்டுவிட்டோம்' என்று வீட்டு வாசலில் நின்று படம் போடாதீர்கள். திரும்பி வந்த பிறகு போடுங்கள். வீட்டில் யாரும் இல்லை என்பதையும், வீட்டில் என்ன இருக்கிறது என்பதையும் நீங்களே சொல்கிறீர்கள்.

என் அம்மாவின் தஞ்சாவூர் வீணை 83 ஜூலை இனக்கலவரத்தில் போனது. வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள், முதலில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா சொன்னார். எரிந்ததா, எடுத்துப் போனார்களா என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. எரிந்திருந்தால் நல்லது என்று ஒருநாள் சொன்னார். எங்கோ ஒரு வீட்டில் மெட்டுக் கழன்று, மெழுகு உருகி, யாருக்கும் வாசிக்கத் தெரியாமல் நிற்கிறது என்று நினைக்க அவரால் முடியவில்லை. அந்த வீணையின் ஒரு படம் கூட எங்களிடம் இல்லை. தம்பி, உங்களிடம் படம் இருக்கிறது. தேடுவதை விடாதீர்கள்.


கணக்கர்_கல்கிசை
திங்கள், பகல் 1.30

காப்புறுதி பற்றிச் சுருக்கமாக. வானுக்கு இருக்கிற காப்புறுதி பொதுவாக வானுக்குத்தான், உள்ளே இருக்கும் சாமானுக்கு இல்லை. வீட்டுக் காப்புறுதியில் வாத்தியத்தைத் தனியாகப் பட்டியலிட்டு, வீட்டுக்கு வெளியேயும் செல்லுமா, காசுக்கு வாசிக்கும்போதும் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். 'ஆளில்லாத வாகனத்தில் விட்டால் பொருந்தாது' என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருக்கும், அதைத் தேடி வாசியுங்கள். பில் இல்லாத பழைய சாமானுக்கு ஒரு கடையில் பெறுமதிக் கடிதம் வாங்கி வையுங்கள்.


சவுண்ட்காரன்_கொட்டாஞ்சேனை
திங்கள், பகல் 2.10

கணக்கர் அண்ணா சொன்னது சரி. இரவில் வானுக்குள் விடவே கூடாது, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இறக்க வேண்டும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மக்கார்ட்னியின் ஹொஃப்னர் பேஸே 1972-இல் லண்டனில் நிறுத்தியிருந்த வானிலிருந்துதான் போனது, திரும்பிக் கிடைத்துவிட்டது என்று 2024-இல்தான் அறிவித்தார்கள். பகலில் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டி வந்தால் பின்கதவைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள், கதவே திறக்க முடியாது. நம் வெயிலுக்குப் பூட்டிய வானுக்குள் வயலினை விட்டால் களவு போகாவிட்டாலும் ஒட்டு விட்டுவிடும், அது வேறு.


பேஸ்_வெள்ளவத்தை
செவ்வாய், இரவு 8.47

மூன்று விஷயம்.

மேலதிக வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். தாளைக் கொண்டு போனது பெரிய உதவி, அந்த அதிகாரி சீரியல் நம்பரையும் சிகரெட் அடையாளத்தையும் முழுக்க எழுதி வாசித்துக் காட்டினார்.

இரண்டாவது, பேஸ்புக்கில் படம் போட்டு இரண்டு மணி நேரத்தில் ஒரு அழைப்பு. பேஸ் தன்னிடம் இருக்கிறதாம், ஒரு ஆளிடமிருந்து மீட்டு வைத்திருக்கிறாராம், முதலில் 15,000 ரூபா போட்டால் ஓட்டோவில் அனுப்புவாராம். கை நடுங்கியது, உண்மையில் போடப் போனேன். எங்கள் ஓர்கன் அண்ணாதான் போனை வாங்கி, ஸ்ட்ராப் மாட்டும் துளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். வைத்துவிட்டார்கள். நல்ல காலம், தீக்குச்சி விஷயத்தை நான் இங்கேதான் எழுதினேன், பேஸ்புக்கில் போடவில்லை. நீங்களும் எல்லா அடையாளத்தையும் வெளியில் போடாதீர்கள், ஒன்றையாவது கையில் வைத்திருங்கள். இங்கே எழுதியதையும் இப்போது எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன், ஆனால் இன்னும் ஒரு அடையாளம் இருக்கிறது, அதை யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாவது, இன்று பின்னேரம் திருத்துகிறவர் அழைத்தார். ஒரு பெடியன் யமஹா பிபி பேஸ் ஒன்றை, வயர் செருகும் ஜக் மாற்றக் கொண்டு வந்திருக்கிறான், அதே நிறம், அதே வயது இருக்கும், கெதியாக வாருங்கள் என்றார். தெஹிவளைப் பாலத்தடியில் வாகன நெரிசலில் ஓட்டோவை விட்டு இறங்கி ஓடினேன். கடைக்குள் போனதும் தூரத்திலிருந்து பார்த்து, அது என்னுடையதுதான் என்று நினைத்துவிட்டேன். பெடியனுக்கு 18 வயது இருக்கும், மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் என்ன கேட்பது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

திருத்துகிறவர் ஒன்றும் சொல்லாமல் பேஸைத் திருப்பி ரோர்ச் அடித்தார். தலைப்பகுதியில் சுட்ட அடையாளம் இல்லை. நம்பரில் முதல் இரண்டு எழுத்தும் வேறு. துளையில் பழைய திருகாணி இறுக்கமாக நிற்கிறது. பெடியன் பயந்துபோய் போனில் பில்லின் படத்தைக் காட்டினான், அவன் அப்பா கட்டாரில் இருந்து காசு அனுப்பி வாங்கிக் கொடுத்ததாம். சவுண்ட் அண்ணா எழுதியதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பிள்ளையைக் கடைக்கு நடுவில் கள்ளன் என்றிருப்பேன்.

அவனுடைய பேஸின் நம்பரையும் இரண்டு கீறலையும் அங்கேயே அவன் போனில் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.


வலந்தலை
செவ்வாய், இரவு 9.15

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. வெள்ளிக்கிழமை வாசிக்க பேஸ் இருக்கிறதா?


பேஸ்_வெள்ளவத்தை
செவ்வாய், இரவு 9.22

இல்லை ஐயா, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.


ட்ரம்ஸ்_தெஹிவளை
செவ்வாய், இரவு 9.40

என் தம்பியின் பேஸ் சும்மாதான் இருக்கிறது, நாளைக்கு வந்து எடுங்கள். நம்பரைப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன், பாருங்கள். சவுண்ட் அண்ணா, அன்றைக்கு நான் எழுதியது பிழைதான்.


சவுண்ட்காரன்_கொட்டாஞ்சேனை
செவ்வாய், இரவு 9.58

சரி தம்பி. வெள்ளிக்கிழமை எந்த மண்டபம்? வானடியில் நிற்க நான் ஒரு ஆளை அனுப்புகிறேன்.